ம்யூட் அண்ணனின் பன்னிரண்டடித் தட்டு

தெருவில் அவருக்கு ம்யூட் என்று பெயர். டிவி ரிப்பேர்காரருக்கு அவர் தொழிலிலிருந்தே ஒரு பெயரைப் பிடித்து வைத்ததில் தெருவுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. யாராவது செட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, "என்னண்ணே ஆச்சு இதுக்கு?" என்று கேட்டால் அவர் வாய் அசையும். என்ன சொன்னார் என்பது அவருக்கும் கடை மேஜைக்கும் மட்டும் தெரியும். "என்னது?" என்று கேட்டால் மறுபடியும் அசையும். மூன்றாவது முறை கேட்கச் சங்கடப்பட்டு, எல்லாம் புரிந்துவிட்டதுபோல் தலையாட்டிவிட்டுப் போவார்கள். செட் சரியாகி வந்துவிடும். அதனால் யாருக்கும் குறையில்லை.

பக்கத்துக் கடை அவர் மனைவியுடையது. அங்கே இரண்டு தையல் மெஷின்கள், ஒரு வெட்டும் மேஜை, அவள் கழுத்தில் மாலை போட்டதுபோல் எப்போதும் ஒரு அளவு டேப்பு. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான், மேலே அவர்கள் வீடு. அவரிடம் கேட்ட கேள்விக்கு அவள் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பதில் சொல்வாள். "பவர் போர்டு போயிருக்காம். வெள்ளிக்கிழமை வாங்க." அவர் சொன்னது அவளுக்கு எப்படிக் கேட்டது என்று யாருக்கும் தெரியாது. பல சமயம் கேட்டிருக்காது. இருபத்தாறு வருடத்தில் இந்த மாதிரிக் கேள்விக்கு இந்த மாதிரிப் பதில்தான் இருக்கும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

அவருக்கு வாயே இல்லை என்று நினைத்தால் தப்பு. பதில் எல்லாம் உண்டு. வந்து சேரத்தான் நேரமாகும். காலையில் அவள் ஏதாவது குத்திக் காட்டினால், மத்தியானம் ஏதாவது ஒரு பழைய பெட்டி டிவியின் முதுகைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, சரியான பதிலை ஒரு சொல் விடாமல் அதற்குள் சொல்லிவிட்டு நிம்மதியாக வெளியே வருவார். பிறகு டிவிகள் மெலிந்து சுவரில் ஒட்டிக்கொண்டன. ஊரே சந்தோஷப்பட்டது. அவருக்கு மட்டும் முணுமுணுக்க இடமில்லாமல் போனது.

வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அவள் போட்டது. ஒரு சாமான் உள்ளே வந்தால் இரண்டு சாமான் வெளியே போக வேண்டும். இல்லாவிட்டால் இந்த மனிதர் கொண்டுவரும் கம்பி, காயில், டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு நடுவில் தூங்கக்கூட முடியாது என்பது அவள் வாதம். ஒருமுறை அவர் ஒரு வோல்ட்மீட்டரைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து பிடிபட்டார். ஆள் ஆளாக அளவெடுத்தே பழகிய கண்ணுக்கு, காலையில் போன வயிறு சாயங்காலம் மூன்று அங்குலம் கூடித் திரும்பினால் தெரியாதா?

அந்தச் சட்டத்துக்கு முன்பே குடியேறித் தப்பியது மொட்டைமாடிச் சாமான் மட்டும்தான். மாடியில் ஒரு சின்ன அறை, அதற்குள் அவருடைய ஹாம் ரேடியோ. அரசாங்கம் கொடுத்த லைசென்ஸ், அவருக்கென்று ஒரு அழைப்புக் குறியீடு, தந்தி ஆபீசில் தட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு தட்டுச் சாவி. புள்ளியும் கோடுமாகத் தட்டினால் அது வானத்தில் போகும். உலகத்தில் எங்கோ ஒருவர் கேட்டுவிட்டுத் திரும்பத் தட்டுவார். வாயைத் திறக்கவே வேண்டாம். இவருக்கென்றே யாரோ கண்டுபிடித்த பொழுதுபோக்கு.

அதிலும் அவர் பிடித்துக்கொண்டது ஒரு விசித்திரமான கிளை. நிலாவை நோக்கிச் சமிக்ஞை அனுப்புவது. அது நிலாவில் பட்டு, இரண்டரை நொடியில் பூமிக்குத் திரும்பும். அந்நேரம் நிலா தெரியும் ஊரில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அதைக் கேட்கலாம். கேட்டால் பதில் தரலாம். இதற்காக ஒரு நீள நோட்டுப் போட்டு, தேதி, நேரம், இடம், தூரம், பதில் என்று ஐந்து கட்டம் கிழித்து வைத்திருந்தார். பதினோரு வருடமாக நாலு கட்டம் நிரம்பிக்கொண்டே வந்தது. ஐந்தாவது கட்டம் நோட்டு வாங்கின அன்றைக்கு இருந்தபடியே வெள்ளையாக இருந்தது. மற்றவர்கள் அனுப்புவது சில நாள் இவருக்கு லேசாகக் கேட்கும். இவருடையதுதான் யாருக்கும் கேட்கவில்லை. மாடியில் இருந்த இரண்டு சின்ன ஆன்டெனாக்களுக்கு அவ்வளவுதான் தொண்டை.

"கடையிலயும் அதே கதை, நிலாவுலயும் அதே கதையா?" என்று அவர் மச்சினன் கேட்பான். அவள் தம்பி. சொந்தமாக ஒரு மினி லாரி வைத்திருந்தான். வண்டியைவிட வாய் வேகம்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழைய கேபிள் டிவி அலுவலகத்தை இடிக்கப் போகிறார்கள் என்று அந்த மச்சினன்தான் செய்தி கொண்டுவந்தான். அந்த இரண்டு மாடிக் கட்டிடத்தின் உச்சியில் ஒரு பெரிய டிஷ் இருந்தது. பன்னிரண்டு அடித் தட்டு. முழு அலுமினியத் தகடு, ஓரமெல்லாம் ரிவெட் அடித்தது. அதைக் கேட்ட நிமிடம் அவர் கையிலிருந்த சால்டரிங் கம்பி எந்த வயரில் இருக்க வேண்டுமோ அதில் இல்லை. அந்தத் தட்டு இருந்தால் நிலாவுக்குக் கேட்கும். கட்டாயம் கேட்கும்.

இடிக்கிற மேஸ்திரி நல்ல மனிதர். தன் பழைய ரேடியோவைச் சரிசெய்து கொடுத்தால் தட்டை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். "ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான். திங்கக்கிழமை விடிஞ்சா பழைய இரும்புக்காரன் கட்டரோட வந்து நிப்பான். அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது."

வீட்டில் அனுமதி கிடைத்ததே ஆச்சரியம். சனிக்கிழமை காலை அவர் விஷயத்தைச் சொன்னார். மூன்று முறை சொன்னார். அவள் ஊசியில் நூல் கோர்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பன்னெண்டு அடியா? ஒண்ணு வந்தா ரெண்டு போகணும். ஞாபகம் இருக்கா?"

தலையாட்டினார்.

"இதுக்குச் சரியா ரெண்டு போகணும்னா உங்களையும் உங்க மச்சினனையும்தான் அனுப்பணும்." சொல்லிவிட்டு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "வாங்க. முதல்ல அளவு பாப்போம். தெருவுக்குள்ள நுழையாத சாமானைத் தூக்கிட்டு வந்து வாசல்ல முழிக்க வேண்டாம்."

அதில் நியாயம் இருந்தது. அவர்கள் தெருவுக்கு ஒரே வாய்தான். ஒரு பக்கம் ஒரு கிடங்கின் சுவர், மறு பக்கம் பள்ளிக்கூடத்துச் சுவர். தலைக்கு மேலே டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் கம்பி தாழ்ந்து தொங்கியது. ஆகவே தட்டைச் சாய்த்து வைத்துக் கொண்டுவர முடியாது. லாரியில் மல்லாத்தித்தான் படுக்க வைக்க வேண்டும். அவள் போகிற வழியிலேயே இறங்கி, இடுப்பு உயரத்தில் டேப்பைப் பிடித்துச் சுவருக்குச் சுவர் அளந்தாள். பன்னிரண்டு அடி ஆறு அங்குலம்.

கட்டிடத்துக்குப் போனதும் அவர் கீழே மேஸ்திரியின் ரேடியோவைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குள் மாடியில் மேஸ்திரியின் ஆட்கள் தட்டைத் தாங்கியிலிருந்து கழற்றித் தரையில் மல்லாத்திவிட்டார்கள். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தட்டுக்குள் இறங்கினாள். விளிம்பில் ஆரம்பித்து, டேப்பைத் தகட்டோடு ஒட்ட வைத்து, டேப்பு ஓடிய வழியிலேயே ஐந்தடிக்கு ஒரு சாக்பீஸ் கோடு இழுத்து, நடுக்குழி வழியாக மறு விளிம்புக்கு ஏறினாள். கீழே வந்து அறிவித்தாள்.

"பன்னெண்டு அடி பதினோரு அங்குலம்."

அவர் வாய் அசைந்தது.

"பன்னெண்டடின்னு கம்பெனிக்காரன் சொல்லுவான். முப்பத்தெட்டுன்னு சீட்டு ஒட்டின சட்டை எவனுக்காவது முப்பத்தெட்டா இருந்திருக்கா?"

அவள் டேப்பு இதுவரை தப்பியதில்லை. அந்த வீட்டு ஜன்னல், அலமாரி, கட்டில், திரைச்சீலை எல்லாம் அவள் அளவு. பன்னிரண்டு ஆறுக்குள் பன்னிரண்டு பதினொன்று நுழையாது. அன்று இரவு அவருக்குப் போட்ட சோற்றில் பாதி தட்டிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சினன் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். வழியின் பெயர் வெல்டர். கையில் தகடு வெட்டும் மெஷின், காதில் ஒரு பென்சில்.

"ரெண்டாப் பொளந்துருவோம்ணே. வீட்டு மாடில வெச்சு தகட்டுப் பட்டி குடுத்துச் சேத்துத் தரேன். ஒட்டுப் போட்டது தெரியாது," என்றான் வெல்டர்.

"வளைவு மாறும்," என்றார் அவர். "ஒரு விரல் அகலம் மாறினாக்கூட நிலாவுக்குப் போகாது."

"என்னது?" என்றான் வெல்டர்.

"சரின்னு சொல்றாரு," என்றான் மச்சினன்.

இப்படித்தான் முடிவானது. பத்து ஆட்கள் பிடித்து, தட்டைக் கேபிள் அலுவலக மாடியின் ஒரு கோடியில், படிக்கட்டு அறைச் சுவரில் ஏறக்குறைய நேராகச் சாய்த்து நிறுத்தினார்கள். வெல்டருக்கு வெயில் ஆகவில்லை. எதிர்க் கோடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குப் போய், மெஷினுக்கு வயர் இழுத்துக்கொண்டு, எங்கே வெட்டலாம் என்று அவளிடமும் மச்சினனிடமும் யோசனை கேட்க ஆரம்பித்தான். குறுக்காகவா, நெடுக்காகவா? அவள் துணி வெட்டுகிறவள். குறுக்கு வெட்டில் இழுவை வரும், நெடுக்காகவே போகட்டும் என்றாள். மேஸ்திரியும் வந்து சேர்ந்துகொண்டு ஒரு யோசனை சொன்னார்.

அவர் மட்டும் தட்டின் பக்கம் நின்றார். தட்டுக்கு முன்னால், மூன்று கால்கள் சேரும் இடத்தில், சமிக்ஞையை வாங்குகிற சின்ன உலோகக் குடுவை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டும்போது அது அடிபடாமல் இருக்கக் கழற்ற வேண்டும். ஒரு பெயின்ட் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஏறி, தட்டைப் பார்த்தபடி ஸ்பேனரை வைத்தார். முகம் சரியாக அந்தக் குடுவையின் பக்கத்தில் இருந்தது.

அப்போதுதான் அவள் போட்ட சாக்பீஸ் கோடுகள் கண்ணில் பட்டன. முதல் கோடு மேல் விளிம்பிலிருந்து சரிந்து இறங்கியது. இரண்டாவது குழிக்குள் போய் எழுந்தது. மூன்றாவது கீழ் விளிம்புக்கு ஏறியது. கோடு நேராகவே இல்லை. தொந்திக்காரன் வயிற்றில் டேப்பைப் படர விட்டதுபோல் வளைந்து வளைந்து போயிருந்தது.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. கோபம் வந்தால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எதிரே இருந்த பெரிய வெள்ளிக் குழிக்குள், பழைய டிவியின் முதுகுக்குள் பேசுவதுபோல, மெல்ல ஆரம்பித்தார்.

"அளவாம் அளவு. வயித்து மேல டேப்பை வழிய விட்டா பதினோரு அங்குலம் கூடத்தான் வரும். இதென்ன ஜாக்கெட் துணியா? விளிம்புக்கு விளிம்பு ஒரு கயிறைக் கட்டி இழுத்துப் பாத்தா பன்னெண்டுதான். அதைச் சொன்னா யாரு கேக்குறா? ஊருக்கெல்லாம் தைக்கிறா. எனக்குத் தைச்ச ரெண்டு சட்டையிலயும் இடது தோள் ஒரு அங்குலம் இறக்கம். அது இறங்கித் தெரியக்கூடாதேன்னு நானே தோளைத் தூக்கிக்கிட்டு நடக்குறேன். இவன் ஒருத்தன், மச்சினன். நான் வேண்டாம்னா 'சரின்னு சொல்றாரு'ங்கறான். மேஸ்திரி ரேடியோவுல கரப்பான் குடும்பமே இருந்துச்சு. அதையும் சொல்லலை."

ஒரு திருகு கழன்றது. அடுத்ததில் ஸ்பேனரை வைத்தார். குரல் இன்னும் தணிந்தது.

"பதினோரு வருஷம். பெருசா எதுவும் கேக்கலையே. ஒரே ஒரு தடவை, ஒரே ஒருத்தர், 'கேக்குது'ன்னு சொன்னாப் போதும். இதை வெட்டிட்டா அதுவும் இல்லை."

"கேக்குது."

ஸ்பேனர் கைதவறித் தகட்டில் விழுந்து மணி அடித்ததுபோல் ஒலித்தது. குரல் காதுக்குள்ளேயே வந்திருந்தது, பக்கத்தில் நின்று சொன்னதுபோல. பக்கத்தில் யாரும் இல்லை. திரும்பினார். எதிர்க் கோடியில், தொட்டி நிழலில், நாலு பேரும் பேச்சை விட்டுவிட்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வாய் மட்டும் அசைந்தது. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"எல்லாம் கேட்டுச்சு. முதல்லருந்து."

அவருக்கு ஒரு நொடியில் புரிந்தது, புரிந்ததும் டிரம்மிலிருந்து விழப்பார்த்தார். வானத்திலிருந்து வருவதைக் குவித்துக் கொடுக்கும் தட்டு, அந்தக் குவியும் இடத்தில் வாய் வைத்துப் பேசினால் சும்மா இருக்குமா? அவர் முணுமுணுப்பை அப்படியே வாரி, கற்றையாகக் கட்டி, மாடியின் மறு கோடிக்கு அனுப்பியிருக்கிறது. அங்கே அவள் சொன்ன ஒரு சொல்லை வாங்கி அவர் காதில் சேர்த்திருக்கிறது. இருபத்தாறு வருடம் ஒளித்து வைத்தது மொத்தமும், மச்சினன், வெல்டர், மேஸ்திரி சாட்சியாக, பட்டுவாடா ஆகிவிட்டது.

"கரப்பானா?" என்றார் மேஸ்திரி.

"மாமா, நீங்க இவ்வளவு பேசுவீங்களா?" என்றான் மச்சினன்.

அவள் யாருக்கும் பதில் சொல்லாமல் நடந்து வந்தாள். தட்டின் முன்னால் நின்று, தன் சாக்பீஸ் கோட்டை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். ஒரு அளவுகாரி தன் தப்பைக் கண்டுபிடிக்கும்போது முகம் எப்படி மாறும் என்று அன்றுதான் அவர் பார்த்தார். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மூக்கு நுனி மட்டும் லேசாகச் சிவந்தது. கைப்பையிலிருந்து நூல்கண்டை எடுத்து ஒரு நுனியை அவரிடம் கொடுத்தாள். "மேல பிடிங்க." கீழ் விளிம்பில் அவள் பிடித்து இழுத்தாள். குழிக்கு மேலே நூல் விண்ணென்று நின்றது. அதைத் தரையில் போட்டு அளந்தாள். இரண்டு முறை அளந்தாள்.

"பன்னெண்டு," என்றாள். பிறகு வெல்டரைப் பார்த்து, "நீ மெஷினை எடுத்துட்டுப் போய்ட்டு வா தம்பி. இங்க வெட்ட வேண்டியது ஒண்ணுமில்லை."

"அப்ப நான் இவ்வளவு தூரம் வந்தது?"

"வந்தவன் சும்மா போகாத. ஒரு கை பிடி."

இறக்குவதற்குள் மத்தியானம் தாண்டிவிட்டது. நாலு கயிறு கட்டி, மாடிச் சுவரில் சாக்குப் பை போட்டு, பத்துப் பேர் விட்டு விட்டு இறக்கினார்கள். பாதியில் காற்று ஒன்று வந்தது. தட்டு பாய் விரித்த படகுபோல் திரும்பி, மேஸ்திரியின் ஆள் ஒருவனைக் கயிற்றோடு இரண்டு தப்படி இழுத்துக்கொண்டு போனது. "பிடிங்கடா, பறந்துறப் போகுது!" என்று மேஸ்திரி கத்தினார். வெல்டர் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேவிட்டான். அவனுடைய கனம் அன்றைக்குப் பயன்பட்டது. லாரியில் ஆறு பழைய டயர்களைப் பரப்பி, அதன்மேல் தட்டை மல்லாத்திக் கட்டினார்கள். வண்டிக்கு இரண்டு பக்கமும் மும்மூன்று அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் லாரி தலையில் தொப்பியைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வருவதுபோல் இருந்தது.

வழியெல்லாம் கேள்விதான். "இவ்வளவு பெரிய தட்டுல யாருக்குச் சாப்பாடு?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார். "உங்களுக்குத்தான். பசி எடுத்ததும் குரல் குடுங்க!" என்று மச்சினன் பதில் கொடுத்துக்கொண்டே ஓட்டினான். மனிதர் நடக்கிற வேகம். அவர் முன்னால் நடந்தார், அவள் பின்னால்.

தெரு வாய்க்கு வந்ததும் மச்சினன் வாயை மூடிக்கொண்டான். பக்கத்துக்கு மூன்று அங்குலம். கை விரலை மடக்கினால் அவ்வளவுதான். பாதி நுழைந்தபோது அவர் கையைத் தூக்கினார். கிடங்குச் சுவரில் மழைத்தண்ணீர்க் குழாய் ஒன்று, மார்பு உயரத்தில் வளைந்து நாலு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் வந்து பார்த்தாள். நேற்று இடுப்பு உயரத்தில் அளந்தபோது அந்த வளைவு கண்ணில் படவே இல்லை.

"இடுப்பு மட்டும் எடுத்துட்டு மார்பளவை விட்டுட்டேன்," என்றாள் தனக்குள். அவர் பக்கம் திரும்பி, "சிரிக்காதீங்க."

"சிரிக்கலை."

"உள்ள சிரிக்கிறீங்க. தெரியுது."

இரண்டு பக்கமும் சேர்த்து இனி மிச்சம் இரண்டு அங்குலம். அவர் தட்டின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடி சொல்ல ஆரம்பித்தார். இன்ஜின் சத்தத்தில் மச்சினனுக்கு ஒன்றும் விழவில்லை. அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் சொன்னது அவள் காதில் விழும், அவள் தொண்டையில் புறப்பட்டு லாரிக்குப் போகும்.

"வலது பக்கம் கொஞ்சம்."

"வலது, வலது! சாப்பிடற கைடா!"

"நிறுத்தச் சொல்லு."

"நிறுத்து! கண்ணை எங்க வெச்சிருக்க, ஜன்னல் ஜன்னலாவா?"

"அதை நான் சொல்லலை," என்றார் அவர்.

"அது என் சொந்தச் சரக்கு. நீங்க மேல சொல்லுங்க."

"இப்ப நேரா. மெதுவா."

"நேரா வா. மூச்சு விடாம வா. வீட்டுக்கு வந்து விட்டுக்கோ!"

தெருவே இரண்டு பக்கத்து ஜன்னல்களிலும் இருந்தது. குழாயைத் தட்டு தொடாமல் கடந்தது. பள்ளிக்கூடச் சுவரை மட்டும் லேசாக உரசி, ஒரு கை நீளத்துக்கு வெள்ளிக் கோடு ஒன்று போட்டுவிட்டுப் போனது. அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. தெருவில் யார் வண்டி வாங்கினாலும் அந்தக் கோட்டைக் காட்டித்தான் அகலம் சொல்கிறார்கள்.

அன்று சாயங்காலம் தட்டு வீட்டு மாடியில் ஏறிவிட்டது. எல்லாரும் போன பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கீழே இறங்கினார். சட்டம் பாக்கி இருந்தது. அதோடு, மாடியில் அவள் காதுக்குப் போன சட்டை விஷயமும் பாக்கி இருந்தது. இன்றைக்கு நல்ல மழைதான் என்று எதிர்பார்த்துக்கொண்டு வந்தார்.

அவள் வெட்டும் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். மேஜையில் அவருடைய இரண்டு சட்டைகளும் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"ஒண்ணு வந்தா ரெண்டு போகணும்," என்றாள். "இந்த ரெண்டும் போகட்டும்."

அவர் மேஜைக்குக் கிட்டே வந்தார்.

"திரும்புங்க."

திரும்பினார். கழுத்துக்குக் கீழே டேப்பு ஊர்ந்தது. இடது தோளில் அவள் கட்டைவிரல் அழுத்தி நின்றது.

"தோளைத் தூக்காதீங்க."

"தூக்கலை."

"பழக்கத்துல தூக்கறீங்க. இறக்குங்க." இறக்கினார். அவள் அளவைக் குறித்துக்கொண்டாள். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

அவர் வாய் அசைந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை.

தட்டைத் தயார் செய்ய அவருக்கு மூன்று வாரம் பிடித்தது. குடுவை மாற்றி, கேபிள் இழுத்து, இப்படி அப்படித் திருப்ப ஒரு பழைய சைக்கிள் சங்கிலி பொருத்தி முடித்த அன்று மத்தியானம், மூன்று மணி வெயிலில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நிலா வந்தது. பகல் நிலா, பழைய சட்டையில் சாக்பீஸ் கறை போகாமல் நின்றதுபோல. அவர் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஹெட்ஃபோனை மாட்டினார். சாவியில் தன் குறியீட்டின் முதல் எழுத்தை மட்டும் தட்டிவிட்டுக் கையை எடுத்தார்.

அவள் காய்ந்த துணி எடுக்க மாடிக்கு வந்தவள், திறந்த கதவு வழியாக அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பிறகு ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். மறுபடி தட்டினார். மறுபடி அழுத்தினார்.

"என்னங்க? யாரு பேசறா?"

"நான்தான்."

"நீங்க பேசறது உங்களுக்கே கேக்குறதுக்கா இவ்வளவும்?"

"போய்ட்டுத் திரும்பி வருது," என்றார். "ரெண்டரை நொடி."

"பரவால்லையே. நான் காலையில கேட்டா நீங்க சாயங்காலம் பதில் சொல்றீங்க. நிலா உங்களைவிட வேகம்." துணிக்குவியலை நாற்காலியில் போட்டாள். "நகருங்க. நான் ஒரு தட்டு தட்டறேன்."

"லைசென்ஸ் என் பேர்ல இருக்கு."

"வீடு என் பேர்ல இருக்கு."

அவர் நகர்ந்து, சாவிக்கு மேலே அவள் விரலைப் பிடித்து வைத்தார். அவள் ஒரு நீளக் கோடு அடித்தாள். ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை அவள் காதிலும் மறு பக்கத்தைத் தன் காதிலும் வைத்தார். இரைச்சலுக்குள்ளிருந்து, எறும்பு ஊதல் ஊதினதுபோல், அந்தக் கோடு திரும்பி வந்தது.

அவள் ஹெட்ஃபோனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"மெதுவாத்தான் பேசுது. உங்க ஆளுதான்."

ஹெட்ஃபோனைக் கழற்றும்போது மேஜையில் திறந்திருந்த நீள நோட்டு கண்ணில் பட்டது. பதில் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ் வரை வெள்ளை. கடைசி வரியில் மட்டும் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. குனிந்து படித்தாள். தேதி, அந்த ஞாயிற்றுக்கிழமை. இடம், பழைய கேபிள் ஆபீஸ் மாடி. தூரம், நாற்பது அடி. பதில், 'கேக்குது.'

அவள் உடனே நிமிரவில்லை. துணியில் ஒன்றை எடுத்து மடித்தாள், மடித்ததைப் பிரித்து இன்னொரு முறை.

"நாப்பது எங்க இருந்துச்சு?" என்றாள் கடைசியில். "முப்பத்தெட்டுக்கு மேல இருக்காது. நான் பாத்தேன்."

அவர் அவளைப் பார்த்தார். இந்தத் தடவை பதில் வந்து சேரச் சாயங்காலம் ஆகவில்லை.

"நேரா அளந்தியா, வழிய விட்டு அளந்தியா?"

என்னது என்று அவள் கேட்கவில்லை. கையிலிருந்த துணியைச் சுருட்டி அவர்மேல் எறிந்தாள்.